கவிழ்த்து வைத்த ஆட்டின் ஜாக்கி

தை 12, செவ்வாய்

பனி. எதிர்வீட்டு சரோஜாக்காவின் கூரைகூடத் தெரியவில்லை. பால்வாடியில் அரிசி மூட்டை நமுத்துப் போயிருந்தது. வெயில் வந்ததும் பாயில் கொட்டிக் காய வைத்தேன். கோழி விரட்டியே காலை போயிற்று. நாளைக்குக் கொடி ஏற்ற வேண்டும். மிட்டாய் வாங்கவில்லை. கொடிக்குக் கயிறு இல்லை. நைனாவிடம் வலைக்கயிறு கேட்கலாம் என்றால், நைனா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதாக இல்லை.

நேற்று என் நிச்சயதார்த்தத்துக்குப் பித்தளைத் தட்டு வாங்கப் பழவேற்காடு போனவர். தட்டு வந்தது. வந்தவர் நேரே போய்ப் படுத்துக்கொண்டார். இன்று காலை கஞ்சி குடிக்கும்போது அம்மாவிடம் சொல்கிறார்: "மேட்டுக்குப்பத்து சம்பந்தம் நமக்கு வாணாம். சொல்லி அனுப்பிடு."

நான் அடுப்பங்கரையில். கையில் கரண்டி அப்படியே நின்றது.

"இன்னாய்யா சொல்ற? வர்ற வெள்ளி உட்டு அடுத்த வெள்ளி தட்டு மாத்தணும். ஊரு பூரா சொல்லியாச்சு. எம் பொண்ணு இன்னா பண்ணுச்சு?"

"பொண்ணு ஒண்ணும் பண்ணல. அந்தாளு என்னப் பொய்யன்னு சொல்லிட்டான்."

"எதுல?"

"சீட்டுல."

அம்மா கஞ்சிச் சட்டியை ணங்கென்று வைத்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி எடுத்தாள். நடந்தது இது.

தட்டு வாங்கிக்கொண்டு எங்கள் படகில் நாலு பேர் திரும்பியிருக்கிறார்கள். நைனா. என் மாமனாராக வரவேண்டிய மேட்டுக்குப்பத்து மாமா. அவர் மகன் தேசப்பன் (எனக்குப் பார்த்திருக்கிறவர், இனி தே.). இறால் வாங்குகிற காசிம் பாய். நடு ஏரியில் தண்ணீர் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் ஏறுகிற வரை என்ன செய்வது? மாமா இடுப்பிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். முந்நூத்திநாலு.

எங்கள் பக்கத்து ஆம்பளைகள் சோறில்லாமல் இருந்தாலும் இந்த ஆட்டமில்லாமல் இருக்க மாட்டார்கள். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. நைனாவும் மாமாவும் ஒரு ஜோடி, தே.யும் பாயும் ஒரு ஜோடி. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று யார் அதிகம் கேட்கிறாரோ அவர் தன் சீட்டில் ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். அது எந்த இனமோ அதுதான் துருப்பு. யாராவது "தெற" என்று கேட்கும்வரை அது என்னவென்று ஜோடிக்கும் தெரியாது. மற்றபடி, இறக்கின இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் வேறு போடலாம். (எனக்கு எப்படித் தெரியும் என்றால், மழைக்காலத்தில் அம்மா, நான், சரோஜாக்கா, அவள் நாத்தனார், இதே வேலைதான்.)

நைனா கேட்டு ஜெயித்து ஆட்டின் (சிவப்பு இதயம்) ஜாக்கியைக் கவிழ்த்தார். கையில் இன்னொரு ஆட்டின் இருந்தது, முதலில் இறங்கியபோது போட்டுவிட்டார். மறுபடி ஆட்டின் இறங்கியது. இப்போது கையில் இல்லை; கவிழ்த்ததில்தான் இருக்கிறது. எங்கள் தீவில் கவிழ்த்த சீட்டைக் கையில் இருப்பதாகக் கணக்கு வைப்பதில்லை. அதனால் நைனா கிளாவர் ஏழைப் போட்டார். கொஞ்சம் கழித்துத் துருப்பைத் திறந்தால் ஆட்டின் ஜாக்கி.

மேட்டுக்குப்பத்தில் வேறு சட்டம். கவிழ்த்த சீட்டும் கையில் இருக்கிற சீட்டுதான். அதே இனம் இறங்கினால் எடுத்துப் போட்டே ஆக வேண்டும். மாமா கத்தியிருக்கிறார்: "வச்சிகினே இல்லேன்ட்டியே சம்பந்தி! இது பொய்யாட்டம்!"

எதிராளி சொல்லியிருந்தால் நைனா சிரித்துவிட்டுப் போயிருப்பார். சொன்னது அவருடைய ஜோடி.

எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள்.

தை 13, புதன்

கொடி ஏற்றியாயிற்று. பாதியில் சிக்கிக்கொண்டது. பிள்ளைகள் அதற்கும் கை தட்டினார்கள். கயிறு: அம்மாவின் துணி காயப்போடுகிற கயிறு. மிட்டாய்: காசிம் பாய் உபயம். ஐஸ் பெட்டியோடு இறால் எடுக்க வந்தவர், பால்வாடி வாசலில் படகைக் கட்டிவிட்டு வந்தார்.

பிள்ளைகளைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"தங்கச்சி, நான் இன்னாத்த சொல்றது. உங்க நைனாவும் பொய் ஆடல, மாமாவும் பொய் சொல்லல. ரெண்டு ஊரு சட்டத்தயும் ஒரே படகுல ஏத்திட்டாங்க. அவ்ளோதான்."

"உங்க டவுன்ல எப்படி பாய்?"

"நாங்க கவுக்கறதே கெடையாது. துருப்பு இன்னான்னு வாயாலயே சொல்லிடுவோம். ஒரு பேஜாரும் இல்ல."

"நீங்க ரெண்டு பேரையும் அடக்கக் கூடாதா?"

"அடக்கறதா! உங்க நைனா துடுப்பத் தூக்கிட்டாரு. அவரு வேட்டிய மடிச்சிக் கட்டிட்டாரு. நான் என் ஐஸ் பெட்டியப் புட்சிகினு குந்திகினேன்." பிறகு குரலைத் தணித்து, "மொதல்ல ஆரம்பிச்சது மாப்ள தான். 'இன்னா மாமா, ஜாக்கிய குந்த வச்சிட்டு இல்லேன்ட்டீங்களே'ன்னு சிரிச்சான். தமாசுக்கு தான். அவங்கப்பாரு அதப் புட்சிகினாரு" என்றார்.

அப்படியா சேதி! ஆரம்பித்தது தே.யா! ஊரில் யாருக்கும் இல்லாத சிரிப்பு. அந்தப் பல்லைத் தட்டிக் கையில் கொடுக்க வேண்டும். (நல்ல பல்.)

பாய் சொன்ன இன்னொன்று: சண்டை முடிந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் படகு மேட்டுக்குப்பத்து வலைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறதாம். தண்ணீர் ஏறியதையும் படகு மிதந்து நகர்ந்ததையும் ஒருத்தரும் பார்க்கவில்லை. நாலு பேரும் பிறந்ததிலிருந்து ஏரியில் கிடக்கிறவர்கள். ஒரு ஜாக்கிக்காகக் கம்பை ஊன்ற மறந்திருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா.

தை 14, வியாழன்

தலைவலி. சுக்கு.

கிணற்றடியில் இன்று முழுக்க இதுதான். துணி துவைக்க வந்தவர்கள் சட்டம் பேசினார்கள். ஒவ்வொருத்தியும் வீட்டு ஆம்பளை சொன்னதை ஒப்பிக்கிறாள். ஞாபகம் உள்ளவரை:

கவிழ்த்தவர் நடுவில் எடுத்துப் பார்க்கலாமா? பார்க்கலாம். அடுத்தவர் கண் படக் கூடாது.

காற்றில் தானே திரும்பிவிட்டால்? ஆட்டத்தைக் கலைக்க வேண்டும் என்று ஒருத்தி. கலைக்கக் கூடாது, திறந்ததாகவே கணக்கு என்று இன்னொருத்தி. அங்கேயே ஒரு குட்டிச் சண்டை, குடம் நசுங்கியது.

கவிழ்த்ததை மறந்துபோய் வேறு இனம் சொன்னால்? "அவன் சீட்ட உட்டுட்டு வலை பின்னப் போவட்டும்" என்றாள் சரோஜாக்கா.

கடைசிப் பிடிவரை யாரும் திறக்கச் சொல்லவில்லை என்றால்? அதையே கடைசிச் சீட்டாகப் போட வேண்டும். இது ஒன்றுக்குத்தான் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதே இனம் இறங்கினால் கவிழ்த்ததைப் போட வேண்டுமா? எங்கள் தீவில் பிறந்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். மேட்டுக்குப்பத்திலிருந்து வாழ வந்த ஒருத்தி மட்டும் சத்தமே இல்லாமல் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்தேன். தட்டு மாற்றினால் அடுத்த வருஷம் நானும் அந்த ஊர்க் கிணற்றடியில் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு பிழிய வேண்டுமோ என்னவோ. பரவாயில்லை. பிழிகிறேன்.

தை 16, சனி

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் நல்லதாக இல்லை.

மேட்டுக்குப்பத்திலிருந்து ஆள் வந்தது. மாமா சொல்லி அனுப்பியது: "தெரியாம ஆடிட்டேன்னு அவரு ஒரு வார்த்த சொல்லட்டும், தட்டு மாத்த வரோம்." நைனா சொல்லி அனுப்பியது: "பொய்யன்னு சொன்னத வாபஸ் வாங்கட்டும், வாசல் தெளிச்சிக் கோலம் போட்டு வைக்கிறோம்."

இப்போது இரண்டு ஊர்த் தலைவர்களும் மீன் ஏலத்தில் சந்தித்துப் பேசியிருக்கிறார்கள். வலைச் சண்டைக்கு என்ன சட்டமோ அதுவே சீட்டுச் சண்டைக்கும் என்று முடிவாம். ஏரியில் ஒவ்வொரு ஊருக்கும் தண்ணீர் உண்டு, எல்லை உண்டு. வலை அறுத்துக்கொண்டு எங்கே மிதந்து போனாலும், அதை முதலில் எங்கே இறக்கினார்களோ அந்த ஊர்ச் சட்டம்தான் அதற்கு. அதுபோலச் சீட்டைக் கவிழ்த்தபோது படகு எந்த ஊர்த் தண்ணீரில் நின்றதோ, அந்த ஊர்ச் சட்டம். புதன்கிழமை பழவேற்காட்டு ஏலக் கொட்டகையில் பேச்சு.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நைனாவுக்கு உயிர் வந்தது. ஆறிப்போன மீன் குழம்பை இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"நம்ம தண்ணில தான் கவுத்தேன். கற்பூரம் அணைச்சி சொல்வேன். லைட்டவுசும் ஒத்தப் பனையும் ஒண்ணா நின்னா அது எல்லை. பனை லைட்டவுசுக்கு வலப்பக்கம் போச்சுன்னா அவங்க தண்ணி. நான் கவுக்கும்போது பனை எடப்பக்கம் கீது. நல்லா எடப்பக்கம்."

"சீட்டு ஆடும்போது உனுக்கு பனை எங்க தெரிஞ்சுது?" என்றாள் அம்மா.

"ஏரில எதக் கீழ வச்சாலும் தலையத் தூக்கி எல்லையப் பாப்பேன். கை பழக்கம் மாதிரி அது கண்ணு பழக்கம். நான் கெழக்க பாத்துகினு குந்தியிருந்தேன். அந்தாளு மேக்க பாத்து, மூஞ்சில வெயிலு. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அது உண்மை. எங்கள் தீவில் எல்லைத் தகராறு வந்தால் எல்லோரும் நைனாவிடம்தான் வருவார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்வார், அதோடு சரி. எனக்கும் நிம்மதியாக இருந்தது. புதன்கிழமை தீர்ப்பு நம் பக்கம், வெள்ளிக்கிழமை தட்டு. ரவிக்கை தைக்கக் கொடுத்தது வரவில்லை. கேட்க வேண்டும்.

தை 17, ஞாயிறு

எல்லாம் தலைகீழ்.

மண்ணெண்ணெய் வாங்க சரோஜாக்காவோடு பழவேற்காடு போனேன். படகுத்துறையில் தே. நின்றுகொண்டிருந்தார். வேண்டுமென்றே நின்றதுதான். சரோஜாக்கா கயிறு விலை கேட்கிற சாக்கில் நாலு கடை தள்ளிப் போய்விட்டாள். அவள் நல்லா இருக்கணும்.

"மல்லிகா, கொஞ்சம் நில்லு."

"இன்னாத்துக்கு நிக்கணும்? சிரிக்கறதுக்கு ஆளு வேணுமா?"

"தப்புதான். நூறு வாட்டி தப்பு. வாய் சும்மா இல்ல."

இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டால் நான் எப்படித் திட்டுவது? சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வீண்.

"புதன்கிழம தீர்ப்பு எங்க பக்கம்தான். எங்க நைனா பனைய பாத்தாரு" என்றேன்.

"தெரியும். அதான் பயமா கீது."

பிறகு சொன்னார். அவர் நைனாதான் மேட்டுக்குப்பத்தில் வலைப் பாட்டு முறை சொல்கிறவர். இன்றைக்கு யார் வலை இறக்கலாம், நாளைக்கு யார் என்று அவர் வாயால் சொல்வதுதான். அதை வைத்துத்தான் ஊர் சாப்பிடுகிறது. "ஒருத்தர தப்பா பொய்யன்னு சொல்லிட்டாருன்னு பத்து பேரு நடுவுல தீர்ப்பு வந்தா, நாளைக்கே ஒவ்வொருத்தனும் கெளம்புவான். என் மொறையயும் தப்பா தான சொன்னீங்கன்னு. அவரால அப்பால வாயத் தெறக்க முடியாது. தீர்ப்பு உங்க பக்கம் வந்துச்சுன்னா உங்க வாசல மிதிக்க மாட்டேன்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டாரு. சோறு எறங்கல அவருக்கு."

"நீங்க?"

"நான் வருவேன். அவரு இல்லாம தட்டு மாத்த உடுவாங்களா உங்க ஊர்ல?"

விடமாட்டார்கள்.

மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. (பார்த்தேன்.) படகில் வரும்போது அழுகை. சரோஜாக்கா தன் முந்தானையைக் கொடுத்தாள். அதில் முழுக்க மீன் வாடை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "தோத்தாலும் கல்யாணம் இல்ல, ஜெயிச்சாலும் கல்யாணம் இல்ல. அந்த மாமா ஊர்ல தலை தூக்க முடியாதாம். நீங்க எல்லாரும் அந்த ஜாக்கியவே கட்டிகினு குடும்பம் நடத்துங்க!" நைனா வெளியே வலை தைத்துக்கொண்டிருந்தார் என்பது கத்தின பிறகுதான் தெரிந்தது. ஊசி நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓட ஆரம்பித்தது.

தை 19, செவ்வாய்

பால்வாடியில் குட்டி லட்சுமி மூக்கில் பட்டாணியைப் போட்டுக்கொண்டாள். மூக்குப்பொடி வாங்கி வந்து தும்ம வைத்து எடுத்தோம். எடுத்த பட்டாணியை அவள் திரும்பக் கேட்டு அழுதாள்.

பருப்பு தீரப் போகிறது. எழுதிப் போட வேண்டும்.

மத்தியானம் நைனா சாப்பிட்டு முடித்து, கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார். அம்மாவிடம் கேட்கிறார்: "பொண்ணுக்கு அந்தப் பையனப் புட்சிகீதா, இல்ல நாம சொன்னோம்னு தலையாட்டுச்சா?"

"என்னக் கேக்கறியே. உள்ளதான குந்திகீது, கேளேன்."

அவர் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? என் காது குத்தியபோது கோயிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்ட மனுஷன் என்று அம்மா சொல்வாள். நான்தான் உள்ளேயிருந்து சொன்னேன்: "புட்சிகீது நைனா."

பிறகு செம்பில் தண்ணீர் எடுக்கிற சத்தம். எனக்கு வெட்கம் அப்புறம்தான் வந்தது. வந்து இன்னும் போகவில்லை.

தை 20, புதன்

ஒழுங்காக எழுத முயற்சி.

பால்வாடிக்கு அரை நாள் சொல்லிவிட்டு நானும் அம்மாவும் போனோம். ஏலக் கொட்டகை. காலை ஏலம் முடிந்து கழுவி விட்டிருந்தார்கள், ஈரம். ஆம்பளைகள் நடுவில், நாங்கள் பெண்கள் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால். மேட்டுக்குப்பத்து அத்தையும் (தே.யின் அம்மா) எங்கள் பக்கம் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. மாமா இளைத்துப் போயிருந்தார். சட்டை தொளதொளவென்று.

முதலில் காசிம் பாயைக் கேட்டார்கள். "எனக்கு எல்லாம் ஒரே தண்ணிதாங்க. எறா கெடச்சா போதும்." சிரிப்பு. தே.யைக் கேட்டார்கள். கையில் இருந்த சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாகத் தெரியாது என்றார். மாமாவைக் கேட்டார்கள்.

"என் மூஞ்சில வெயிலு. நான் பாக்கல" என்றார். பிறகு சொன்னார்: "அவரு எல்லையப் பாத்திருப்பாரு. அவரையே கேளுங்க. அவரு எந்தத் தண்ணி சொல்றாரோ அதுக்கு நான் கட்டுப்படறேன்."

சீட்டில் பொய்யன் என்று சொன்ன அதே வாய். ஆனால் தண்ணீர் விஷயத்தில் எங்கள் பக்கம் எவனும் பொய் சொல்ல மாட்டான். கொலைகாரனும் சொல்ல மாட்டான். மாமா தன் கழுத்தைத் தானே நீட்டிக் கொடுத்தார். சொல்லும்போது அவருக்கு உதடு காய்ந்திருந்தது.

நைனா எழுந்து நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெயிக்கப் போகிறார், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"மேட்டுக்குப்பத்துத் தண்ணில தான் கவுத்தேன்" என்றார்.

எங்கள் ஊர்த் தலைவர் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். "நல்லா யோசிச்சி சொல்லு. தண்ணி அப்பதான் ஏற ஆரம்பிச்சிருக்கும். அதுக்குள்ள படகு அவ்ளோ தூரம் போவுமா?"

"போச்சு. பனை வலப்பக்கம் வந்துட்டுது. நான் பாத்தேன். அவங்க சட்டம் எனக்குத் தெரியாது, தெரியாம ஆடிட்டேன். சம்பந்தி சொன்னது சரி."

எங்கள் ஊர் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா என் முதுகில் கையை வைத்து அழுத்தினாள், பேசாதே என்று. நான் எங்கே பேசுவது? சீட்டில் பொய்யன் என்று சொன்னதற்கு ஒரு வாரம் உறவு வேண்டாம் என்று கிடந்தவர். தண்ணீரில், இரண்டு ஊர் நடுவில், தலை நிமிர்ந்து பொய் சொல்கிறார்.

மாமா நைனாவையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. அவரும் ஏரிக்காரர்தானே, தண்ணீர் எவ்வளவு ஏறினால் படகு எவ்வளவு போகும் என்று அவருக்குத் தெரியாதா? எழுந்து வந்து நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உடு சம்பந்தி. நானும் வார்த்தய உட்ருக்கக் கூடாது" என்றார். நைனா வெற்றிலைபாக்கு எடுத்துக் கொடுத்தார். தே. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவது உறுதி. அத்தை என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள்.

நான் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேன்.

தை 21, வியாழன்

மறுபடி பனி. ரவிக்கை வந்தது, தோளில் இறுக்கம். பிரித்துத் தைக்க வேண்டும். நாளைக்குப் பால்வாடியைச் சரோஜாக்கா பார்த்துக்கொள்வாள். பூ சொல்லியாயிற்று. பழம் பொன்னேரியிலிருந்து.

கிணற்றடியில் நான் போனதும் பேச்சு நின்றது. சரோஜாக்கா மூடி மறைக்கிற ரகம் இல்லை, சொல்லிவிட்டாள். "உங்க நைனாவுக்குக் கண்ணு போச்சுன்னு பேசிக்கறாங்கடி. பனை எந்தப் பக்கம்னு கூடத் தெரியலையாம். அத உட்டா வேணும்னே மாத்தி சொல்லிட்டாருன்னு இன்னொரு பக்கம். எதுவா இருந்தாலும் இனிமே எல்லைக்கு எப்படிக் கூப்புடறதுன்னு ஆம்பளைங்க யோசிக்கறாங்க."

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். நைனா வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தார்.

"நைனா, பனை எடப்பக்கம்னு தான சொன்ன. நல்லா எடப்பக்கம்னு."

"பனி. சரியா தெரியல."

"சாயங்காலத்துல ஏது நைனா பனி?"

ஊசியில் நூல் தீர்ந்துவிட்டது, நூலைச் சுற்றினார்.

"நான் உன்னக் கேட்டனா? எனக்காகப் பொய் சொல்லுன்னு கேட்டனா?" கத்திவிட்டேன். கோபம்தான். அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நைனாவின் மேல் இவ்வளவு பாசம் எனக்கு இருக்கிறது என்று நேற்றுவரை தெரியாது. சொல்லவும் தெரியவில்லை. அவர் வலையை ஒரு பக்கமாக ஒதுக்கி எனக்கு இடம் விட்டார், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் சத்தம். வடக்குத் தெரு ஆட்கள் இரண்டு பேர், சத்தமாக வாதாடிக்கொண்டு வருகிறார்கள். யாருடைய வலைக்கம்போ எல்லை தாண்டி நட்டிருக்கிறதாம். இந்த மாதிரி வந்தால் நேரே எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். நைனா ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் வாசல் வந்ததும் இருவருக்கும் பேச்சு நின்றது. ஒருத்தர் "இன்னாண்ணா, நாளைக்கு விசேசமா" என்று கேட்டார். "ஆமாம்பா, வந்துடுங்க" என்றார் நைனா. "வராம இன்னா" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்கள். கோடி வீட்டு ஏகாம்பரம் சித்தப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு அவர்களோடு கரைப்பக்கம் போனார்.

நைனா அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து ஊசியை எடுத்தார்.

"மல்லிகா, நாளைக்குக் கட்டிக்கற பொடவைய வெயில்ல போட்டியா?"

"போட்டேன் நைனா" என்றேன். இன்னும் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.